கமரா கைமாறிய கதை

இலங்கையைப் பற்றி வெள்ளையர் எடுத்த படங்களுள் இன்றுவரை அதிகம் பேசப்படுவது 'சோங் ஒப் சிலோன்'. 1934இல் பசில் ரைட் நெறிப்படுத்திய இந்த விவரணப்படம் அடுத்த வருடம் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வரிகளை அதில் வாசிப்பவர் நமது நாட்டின் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட். படம் அழகானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. மலையேறும் யாத்திரிகர்களையும் புத்தர் சிலைகளையும் நின்று நிதானித்துக் காட்டும் கமரா, கொழுந்து பறிக்கும் கைகளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தக் கைகளுக்குரியவர்கள் எந்த லயத்தில் உறங்கினார்கள், அந்த லயத்தின் கூரை மழைக்கு ஒழுகியதா என்று அவர்களே வந்து சொல்வதற்கு அந்தப் படத்தில் இடமில்லை.

இதனை இங்கு முதலில் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்தின் பின்னால் நின்ற ஜோன் கிரியர்சனின் குழாத்தைச் சேர்ந்தவர்களே 1935இல் தமது சொந்த நாட்டு ஏழைகளை நோக்கிக் கமராவைத் திருப்பினார்கள். எட்கார் அன்ஸ்டி, ஆதர் எல்டன் ஆகிய இருவரும் கிழக்கு லண்டனில் ஸ்டெப்னி என்னும் பகுதியின் சேரிகளுக்குள் சென்று 'ஹவுசிங் புரொப்ளெம்ஸ்' என்ற படத்தை எடுத்தனர். கால் மணித்தியாலம்தான் ஓடும். இதற்குப் பணம் கொடுத்தது பிரித்தானிய எரிவாயுக் கம்பனிகளின் சங்கம். அங்கே தேயிலை, இங்கே எரிவாயு.

எனினும் இந்தப் படத்தில் ஒரு புதுமை நடந்தது. சேரியில் இருந்தவர்கள் தமது வீட்டுச் சுவரோரம் நின்று கமராவைப் பார்த்துத் தாமே பேசினார்கள். சுவர் முழுக்கப் பூச்சி என்கிறார் ஒருவர். தன் வீட்டுக்குள் வந்த எலியை அடித்த கதையை நடித்தே காட்டுகிறார் ஒரு பெண். அன்றைய கமராவும் ஒலிப்பதிவுப் பொறியும் ஒரு லொறிக்கு நிகரான பாரம். அவற்றை அந்த ஒடுங்கிய அறைகளுக்குள் கொண்டு சேர்த்ததே பெரும்பாடு. ஆனால் அதைவிடப் பெரும்பாடு அந்த மனிதர்களின் கூச்சத்தைப் போக்கியது. அந்த வேலையைச் செய்தவர் கிரியர்சனின் தங்கை ரூபி கிரியர்சன். கமராவும் ஒலிவாங்கியும் உங்களுடையவை, உள்ளதைச் சொல்லுங்கள் என்பதுதான் அவர் அவர்களுக்குக் கொடுத்த தைரியம். படத்தின் ஆரம்ப எழுத்துகளில் அவருடைய பெயர் இல்லை.

இனி அந்தப் படம் செல்லும் வழியைக் கவனிக்க வேண்டும். குடியிருப்பாளர்கள் துன்பத்தைச் சொல்கிறார்கள். தீர்வைச் சொல்வது ஸ்டெப்னி நகர சபையின் வீடமைப்புக் குழுத் தலைவரின் குரல். புதிய தொடர்மாடிகளின் மாதிரி உருக்கள் மேசைமீது காட்டப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது லீட்ஸ் நகரின் குவரி ஹில் குடியிருப்பு. புதிய வீடு என்றால் புதிய குசினி; புதிய குசினி என்றால் புதிய அடுப்பு. மின்சாரத்தோடு போட்டியிட்டுக்கொண்டிருந்த எரிவாயுக் கம்பனிகளுக்கு இந்தக் கணக்கு விளங்காமலா பணம் கொடுத்தார்கள்? கேள்வி குடியிருந்தவனுடையது, பதில் பணம் கொடுத்தவனுடையது. அந்த மாதிரி உருவில் கம்பீரமாக நின்ற குவரி ஹில் 1938இல் திறக்கப்பட்டு, 1978இல் இடிக்கப்பட்டது. நாற்பது வருடம்.

ஆங்கிலேயர் இந்த வேலைக்குக் காலத்துக்குக் காலம் பெயர் மாற்றியிருக்கிறார்கள். 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது சேரி ஒழிப்பு. குண்டுவீச்சில் கிழக்கு லண்டன் எரிந்த பின்னர் மீள்கட்டுமானம். 1980களுக்குப் பிறகு மீளுருவாக்கம். பெயர் எதுவானாலும் குடியிருந்தவனின் கதவில் தட்டுகிறவன் கொண்டுவரும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான்: நீ எழும்ப வேண்டும், எங்கே போவாய் என்பதைப் பிறகு சொல்கிறோம். இந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எப்போது, எப்படிக் கமராவைத் தம் கைக்கு எடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது. அதற்கு லண்டனின் கிழக்குப்புறத்தைவிட்டு அதிக தூரம் செல்லத் தேவையில்லை.

கிழக்கு லண்டன் துறைமுகத்தால் பிழைத்த பிரதேசம். நமது தேயிலையும் அங்குதான் இறங்கியது. கப்பல்களில் வேலைசெய்து வந்து கரையிறங்கிய சில்ஹெட் முஸ்லிம்கள், சோமாலியர், மால்ட்டா நாட்டவர், மேற்கு ஆபிரிக்கர் என்று பலரும் அந்தத் தெருக்களில் குடியேறியிருந்தனர். போருக்குப் பின்னர் பழைய வரிசை வீடுகள் தெருத்தெருவாக இடிக்கப்பட்டு அந்த இடங்களில் கொங்கிறீட் மாடிகள் எழுந்தன. 1960களில் அவை இருபது தட்டுகளையும் தாண்டின.

அந்த அவசரத்துக்குக் கிடைத்த அடி 1968இல் விழுந்தது. நியூஹாம் மாநகரப் பிரிவில் கனிங் டவுன் என்னுமிடத்தில் 22 தட்டுகளோடு எழுந்த 'றோனன் பொயின்ட்' கட்டடத்தில் மக்கள் குடியேறி இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. மே 16ஆம் திகதி விடியற்காலையில் 18ஆம் தட்டில் இருந்த ஒரு பெண் தேநீருக்குத் தண்ணீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்திய சுவர்ப் பலகைகள் பிடுங்குண்டு, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தனர். அடுப்பைப் பற்றவைத்தவர் உயிர் தப்பினார். 1935ஆம் ஆண்டுப் படத்தில் சேரிக்கு விடுதலையாகக் காட்டப்பட்டவை இரண்டு: அடுக்குமாடி, எரிவாயு. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்த விடியல் அது. வரலாறு சிலவேளைகளில் நமது கதாசிரியர்களைவிடத் துணிச்சலாக எழுதுகிறது.

இதே நியூஹாமின் மறுபக்கத்தில் இருப்பது ஸ்ட்ரட்போர்ட். அங்குள்ள பழைய தியேட்டர் றோயல் அரங்கில் 1953 முதல் நாடகம் போட்டுவந்தவர் ஜோன் லிட்டில்வூட் என்ற அம்மையார். தொழிலாளருக்கான அரங்கை உருவாக்கியவர் என்று ஆங்கில நாடக வரலாறு அவரைப் புகழ்கிறது. நமக்கு இங்கு வேண்டியது அவருடைய நாடகமல்ல, அவருடைய அரங்கைச் சுற்றித் திரிந்த பொடியன்கள். அரங்கைச் சுற்றியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டு வெறும் தரையாகிக்கொண்டிருந்தன. பாடசாலை முடிந்தால் போவதற்கு ஓர் இடமில்லாத இளைஞர்கள் அந்தத் தரைகளில் நின்றார்கள். இவர்களை விரட்டுவதற்குப் பதிலாக லிட்டில்வூட் உள்ளே கூப்பிட்டார். அவர்களுடைய சண்டையையும் களவையும் பொலிஸ் நிலைய அனுபவத்தையும் அவர்களையே நடித்துக் காட்டச் சொன்னார். 1960களின் ஆரம்பத்தில் செட்ரிக் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, எவரும் வந்து எதையும் கற்கவும் ஆடவும் கூடிய ஒரு 'களிமாளிகை'யை அந்தப் பக்கத்தில் கட்டுவதற்கு அவர் திட்டமிட்டிருந்தார். அது கட்டப்படவேயில்லை. கோடிக்கணக்கில் கொங்கிறீட் கொட்டிய அதிகாரிகளுக்கு இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் தரை கிடைக்காமற் போனது.

லிட்டில்வூட்டின் இந்தப் பயிற்சிகளை 1968இல் ஒரு சிறு விவரணப்படமாக எடுத்தவர் பார்னி பிளட்ஸ்-மில்ஸ். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயதிருக்கும். தொழிற்கட்சியிலிருந்து 1948இல் விலக்கப்பட்ட ஓர் இடதுசாரிப் பாராளுமன்ற உறுப்பினரின் மகன். படம் முடிந்தது, பயிற்சியும் நின்றுபோனது. பொடியன்கள் அவரைத் தேடி வந்து, நாங்கள் ஒரு படம் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது அவர்கள் என்பதை அடிக்கோடிட வேண்டும். இதுவரை கமரா அவர்களைத் தேடி வந்தது. இப்போது அவர்கள் கமராவைத் தேடிப் போனார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 'புரொங்கோ புல்ஃப்ரொக்'. 1969இல் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு 1970இல் திரைக்கு வந்தது. செலவு சுமார் 18,000 பவுண். அக்காலத்திலும் அது படத்துக்குப் போதாத காசு. நடித்தவர்களில் தேர்ந்த நடிகர் எவருமில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் தாம் கண்டதையும் செய்ததையும் சொல்ல, நெறியாளர் அதைக் கதையாக்கினார். வசனத்தைப் பெரும்பாலும் அவர்களே தம் பேச்சில் பேசினார்கள்.

கதை என்று பெரிதாக எதுவுமில்லை. டெல் என்ற பதினேழு வயது இளைஞன் உருக்கொட்டும் தொழில் பழகுகிறான். ஐரீன் என்ற பதினைந்து வயதுப் பெண்ணை விரும்புகிறான். அவளுடைய தகப்பன் சிறையில். தாய்க்கு இவனைப் பிடிக்கவில்லை. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பிவந்த ஒருவன் இவர்களோடு வந்து சேர்கிறான். படத்தின் பெயர் அவனுடைய பட்டப்பெயர். இந்த இருவரும் சேர்ந்து இருப்பதற்கு அந்தப் பெருநகரத்தில் ஓரிடம் கிடைக்கவில்லை என்பதே முழுப் படமும். ஒருநாள் நகரத்தின் மேற்குப்புறத்துக்குப் போய்ப் படம் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அங்கே ஓடுவது 'ஒலிவர்', அதாவது லண்டனின் ஏழை அநாதைச் சிறுவனைப் பற்றிய பாட்டும் ஆட்டமுமான வண்ணப்படம். டிக்கற் விலையைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானறிந்தவரை ஏழையைப் பற்றிய கலைக்கும் ஏழைக்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி குறைவு.

மீளுருவாக்கம் என்ற சொல் இந்தப் படத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அது எல்லா இடத்திலும் இருக்கிறது. ஐரீன் வசிப்பது ஒரு புதிய அடுக்குமாடியில். சுத்தமான வீடு, குழாயில் தண்ணீர், 1935இல் ஸ்டெப்னிப் பெண்கள் கேட்டதெல்லாம் அங்கே இருக்கின்றது. அதற்கு வெளியே இந்தப் பிள்ளைகள் நிற்பதற்கு என்ன இருக்கிறது என்றால், உடைந்த சுவர், ரயில் பாதையோரம், ஒரு சிறு தேநீர்க்கடை. திட்டமிட்டவர்கள் தலையை எண்ணி அறை கட்டினார்கள். பதினேழு வயதுக்கு என்ன தேவை என்று எவரும் அந்த வயதுக்காரனைக் கேட்கவில்லை. வீடமைப்புப் பற்றிய அரசாங்க அறிக்கை எதிலும் எழுத இயலாத ஒரு குறைபாட்டை இந்தப் படம் பதிவுசெய்துவிட்டது. அதன் பெறுமதி அதுதான்.

திரையிட்ட பின் நடந்ததும் சொல்லத்தக்கது. றீஜன்ட் வீதியில் உள்ள சினிமா ஒன்றில் படம் ஓடிக்கொண்டிருந்தது. 1896இல் லூமியர் சகோதரர்களின் படங்கள் பிரித்தானியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அதே பொலிரெக்னிக் மண்டபம் அது. 1970இன் பிற்பகுதியில், லோரன்ஸ் ஒலிவியரின் 'மூன்று சகோதரிகள்' திரைப்படத்தை அரச குடும்பத்தின் முன்னிலையில் வெளியிடுவதற்காக இந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரட்போர்ட் பொடியன்கள் சும்மா இருக்கவில்லை. விழாவன்று வாசலில் திரண்டு, வந்திறங்கிய இளவரசி ஆனுக்கு முன்னால் கூச்சலிட்டார்கள். பிறகு, புரொங்கோவாக நடித்த சாம் ஷெப்பர்ட் எங்கள் படத்தையும் வந்து பாருங்கள் என்று இளவரசியை அழைக்க, அவரும் கிழக்கு லண்டனின் மைல் எண்ட் சினிமாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. வீட்டுப் பிரச்சினை இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தப் படத்தைப் பாராட்டும்போதே ஒன்றைச் சொல்ல வேண்டும். கதை பொடியன்களுடையது, பேச்சு அவர்களுடையது, முகம் அவர்களுடையது. ஆனால் எதைக் காட்டி எதை வெட்டுவது என்ற தீர்மானம் இன்னும் வெளியிலிருந்து வந்த ஒருவரின் கையில்தான் இருந்தது. அவர் நேர்மையாக நடந்துகொண்டார் என்பது வேறு விடயம். அடுத்த படி ஸ்டெப்னியில் எடுத்துவைக்கப்பட்டது. அதற்கு முதல் அங்கே ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்லாமல் தாண்டிப்போக ஓர் ஆசிரியனான எனக்கு மனமில்லை.

ஸ்டெப்னியின் தேவாலயப் பாடசாலை ஒன்றில் கிறிஸ் சேர்ள் என்ற இளம் ஆசிரியர் ஆங்கிலம் கற்பித்தார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெருக்களில் நடந்து, பார்த்ததைக் கவிதையாக எழுதச் சொன்னார். பிள்ளைகள் இருட்டான மாடிப்படிகளையும், தனித்துப்போன கிழவர்களையும், மூடப்படும் துறைமுகத்தையும் எழுதினார்கள். 1971இல் இவற்றை 'ஸ்டெப்னி வேர்ட்ஸ்' என்ற தொகுப்பாக அச்சிட நினைத்தபோது பாடசாலையின் ஆளுநர் சபை தடுத்தது. கவிதைகள் மிகவும் சோகமாக இருக்கின்றன என்பது அவர்கள் கண்ட குறை. பெற்றோரும் மற்றவர்களும் கொடுத்த காசில் சேர்ள் அதனை வெளியிட்டார், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மே மாதத்தில் ஒருநாள் சுமார் எண்ணூறு மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுத்து மழையில் வாசலில் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து, அப்போது கல்வி அமைச்சராக இருந்த மார்கரட் தட்சரின் உத்தரவின் பேரில் அவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பிற்காலத் தட்சரை அறிந்தவர்களுக்கு இது நம்பச் சிரமமான செய்தியாயிருக்கும்.

நமது பாடசாலைகளில் 'எனது கிராமம்' என்று ஒரு கட்டுரை எழுதுவிப்போம். எந்த ஊர்ப் பிள்ளை எழுதினாலும் அங்கே வயல் பச்சைப்பசேலென்று இருக்கும், ஆறு சலசலக்கும், மக்கள் ஒற்றுமையாக வாழ்வார்கள். மழைக்கு வகுப்பறைக்குள் தண்ணீர் வந்த ஊரின் பிள்ளையும் அப்படித்தான் எழுதும். புள்ளி எதற்குக் கிடைக்கும் என்பதைப் பிள்ளை நம்மைவிட விரைவில் கண்டுபிடித்துவிடுகிறது. ஸ்டெப்னியின் ஆளுநர் சபை எதிர்பார்த்ததும் அந்தக் கட்டுரையைத்தான்.

சேர்ளின் பிள்ளைகளில் சிலர் 1973இல் 'பேஸ்மன்ட் றைட்டர்ஸ்' என்ற எழுத்தாளர் குழுவாகச் சேர்ந்தனர். கேபிள் வீதியில் உள்ள சென் ஜோர்ஜ் நகர மண்டபத்தின் நிலவறையில் அவர்கள் கூடினார்கள். 1936 ஒக்டோபர் 4ஆம் திகதி, மோஸ்லியின் பாசிசக் கும்பலை யூதரும் ஐரிஷ் தொழிலாளரும் மற்றோரும் மறித்து நின்ற அதே வீதி. அந்த நிலவறையில்தான் மாகி பின்ஹோர்ன் என்பவர் வேலையற்ற உள்ளூர் இளைஞருக்காக ஒரு கலை முயற்சியை நடத்திக்கொண்டிருந்தார். அதில் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் துண்டே இக்கோலி. நைஜீரியத் தகப்பனுக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் கிழக்கு லண்டனில் பிறந்தவர். வயது பதினெட்டளவில் இருக்கும். 1973இல் பின்ஹோர்னும் அவரும் சேர்ந்து நெறிப்படுத்திய படம்தான் 'துண்டேஸ் பிலிம்', அதாவது துண்டேயின் படம். 43 நிமிடங்கள்.

பெயரிலேயே உரிமை எழுதப்பட்டிருக்கிறது. வேலையில்லாமல் தெருவில் நிற்கும் நண்பர்கள், நிற்பதையே குற்றமாக்கி அவர்களைத் துரத்தும் பொலிஸ், ஒன்றும் சரிவராதபோது தலைகாட்டும் களவு யோசனை. நடிப்பவர்கள் அந்த நண்பர்களே. ஓடுவதும் அவர்களுடைய தெருக்களிலேயே. தொழில்நுட்பத்தில் படம் தட்டுத்தடுமாறுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் 1935ஆம் ஆண்டுப் படத்தோடு இதனை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் உடனே தெரியும். இங்கே தீர்வு சொல்ல வரும் நகர சபை உறுப்பினரின் குரல் இல்லை. மேசைமீது மாதிரி உரு இல்லை. படம் நல்ல முடிவுக்கு வரவேண்டும் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை; அவர்களும் கொடுக்கவில்லை. துண்டே இக்கோலி பின்னர் பெயர்பெற்ற நாடகாசிரியரானார். 'ஸ்க்ரேப் ஒப் த பிளக்' அவருடைய அறியப்பட்ட நாடகம்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட வேளையில் அதன் பின்னணியே மறைந்துகொண்டிருந்தது. நகருக்கு அண்மையில் இருந்த சென் கதரீன், லண்டன் துறைகள் 1960களின் முடிவில் மூடப்பட்டன. 1981இல் கடைசியாக றோயல் துறைகளும் மூடப்பட, அதே வருடம் தட்சரின் அரசாங்கம் லண்டன் துறைமுகப் பிரதேச அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. காணியும் திட்ட அனுமதியும் உள்ளூர் நகர சபைகளின் கையிலிருந்து அதன் கைக்கு மாறின. 1991இல் கனேரி வோர்வ் கோபுரம் எழுந்தது. வங்கிகள் வந்தன. கோபுரத்தின் நிழல் விழும் தூரத்தில் இருந்த பழைய குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு அந்த வங்கிகளில் என்ன வேலை கிடைத்தது என்பது இன்றும் அங்கே ஓயாத வாதம்.

1997க்குப் பிறகு காற்று வேறு பக்கமாக அடித்தது. புதிய தொழிற்கட்சி அரசாங்கம் 1998இல் பின்தங்கிய 39 பிரதேசங்களுக்கென ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொன்றுக்கும் பத்து வருடத்துக்குச் சுமார் ஐந்து கோடிப் பவுண். ஸ்டெப்னியின் ஓஷன் குடியிருப்பும், நியூஹாமின் வெஸ்ட் ஹாம், பிளெய்ஸ்டோ பகுதிகளும் அவற்றுள் அடங்கும். மக்களின் பங்கேற்பு என்பது அத்திட்டத்தின் மந்திரச் சொல். 2001இல் திரைப்படச் சபையின் லொத்தர்ப் பணத்தில் 'பெஸ்ட் லைட்' என்ற நிறுவனம் தோன்றி, 2013 வரை நாடெங்கும் பாடசாலை வயதுப் பிள்ளைகள் குறும்படம் எடுக்க உதவியது. டிஜிட்டல் கமரா மலிந்துவிட்ட காலம். தமது குடியிருப்பின் மாற்றத்தைப் பற்றிப் படம் எடுங்கள் என்று இளைஞரிடம் நகர சபையும் வீடமைப்புச் சங்கமும் தாமே கமராவைக் கொடுக்கத் தொடங்கின.

இதனைக் குறைசொல்ல முடியாது. ஒரு பதினான்கு வயதுப் பெண் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அதிகாரியைக் கேள்வி கேட்பது சிறு விடயமல்ல. தொகுப்பு மேசையில் உட்கார்ந்து ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பதே ஒரு கல்வி. கலாசாலையில் நாங்கள் படித்த எந்தக் கற்பித்தல் முறையும் அதற்கு ஈடாகாது. எனினும் அந்த வகைப் படங்களுக்கு ஒரு வார்ப்பு விரைவில் உருவாகிவிட்டது. முதலில் குப்பை, சுவர்க் கிறுக்கல், எரிந்த கார். பிறகு கூட்டம், வரைபடம். கடைசியில் புதிய விளையாட்டிடம், சிரித்த முகங்கள். 1935இன் அதே பாதை. முன்னே பேசிய குடியிருப்பாளனின் இடத்தில் இப்போது அவனுடைய பேரப்பிள்ளை, அவ்வளவுதான் மாற்றம். கமரா கைமாறியது. ஆனால் கடைசிக் காட்சி மட்டும் கொடுத்தவனிடமே தங்கிவிட்டது.

அந்தக் கடைசிக் காட்சிக்கும் உண்மைக்கும் இடையிலான தூரத்தை அளக்க மீண்டும் ஸ்ட்ரட்போர்டுக்கே வரவேண்டும். புரொங்கோ படம் எடுக்கப்பட்ட நாட்களில் அங்கே கார்ப்பென்டர்ஸ் என்ற குடியிருப்பில் மூன்று உயர்மாடிகள் எழுந்தன. 2005இல் லண்டனுக்கு ஒலிம்பிக் கிடைத்தது. அதனால் வரும் மீளுருவாக்கம் கிழக்கு லண்டனின் ஏழைகளுக்கே என்று சொல்லித்தான் அதைப் பெற்றார்கள். ஆனால் மைதானத்துக்கு மிக அண்மையில் இருந்த கார்ப்பென்டர்ஸ் குடியிருப்பைப் புதுப்பிக்கச் செலவு அதிகம் என்று கூறி, நியூஹாம் நகர சபை அந்த மாடிகளிலிருந்து மக்களைப் படிப்படியாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. வீடுகள் வெறுமையாகப் பூட்டிக் கிடந்தன. 2012இல் போட்டிகள் தொடங்கியபோது, லண்ட் பொயின்ட் என்ற மாடியின் உச்சித் தட்டுகளை பி.பி.சி. செய்திப் பிரிவும் அல்ஜசீராவும் வாடகைக்கு எடுத்துக் கலையகம் அமைத்தன. அங்கிருந்து பார்த்தால் மைதானம் அப்படியே தெரியும். உலகத்தின் கமராக்கள் அந்த ஏழைகளின் கட்டடத்துக்குள் வந்தேவிட்டன. ஆனால் அவை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

அவற்றை உள்ளே திருப்பியவர்கள் இளம் தாய்மார். ஸ்ட்ரட்போர்டின் ஓர் இளைஞர் விடுதியில் கைக்குழந்தைகளோடு தங்கியிருந்த 29 பெண்களுக்கு 2013இல் வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. வேறு வீடு என்று அவர்களுக்குக் காட்டப்பட்டவை மன்செஸ்டர், பேர்மிங்ஹாம், ஹேஸ்டிங்ஸ் போன்ற தூரத்து நகரங்களில் இருந்தன. தாயும் சகோதரியும் இருக்கும் ஊரை விட்டு, பிள்ளையைப் பார்க்க ஒரு நாதியில்லாத இடத்துக்கு. நமது பெண்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. 'போக்கஸ் ஈ15' என்ற பெயரில் அவர்கள் திரண்டார்கள். 2014 செப்டெம்பரில் கார்ப்பென்டர்ஸ் குடியிருப்பில் பூட்டிக் கிடந்த சில வீடுகளைத் திறந்து உள்ளே புகுந்து சுமார் இரண்டு வாரம் இருந்தார்கள். அப்போது அவர்கள் கைத்தொலைபேசியிலும் சிறு கமராவிலும் எடுத்துப் பரப்பிய படங்களில் எந்த அலங்காரமும் இல்லை. வேலைசெய்யும் குழாய், நல்ல நிலையில் உள்ள குசினி, உலர்ந்த சுவர். இந்த வீட்டுக்கு என்ன குறை? என்ற ஒரு கேள்வி மட்டும். எரிவாயுக் கம்பனியின் படம் பழைய வீட்டின் அழுக்கைக் காட்டி இடிக்கச் சொன்னது. இந்தப் பெண்களின் படம் பழைய வீட்டின் நலத்தைக் காட்டி இடிக்காதே என்றது. எழுபத்தொன்பது வருடத்தில் விவாதம் அப்படியே தலைகீழாகியிருந்தது.

இந்தப் போராட்டம் அரசியல் விவாதமாகி, அவர்களில் பலர் லண்டனுக்குள்ளேயே தங்க முடிந்தது. ஆனால் கார்ப்பென்டர்ஸ் குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்துக் கட்டும் திட்டம் கைவிடப்படவில்லை. 2021 டிசம்பரில் குடியிருப்பாளர் வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தனர். வருடக்கணக்காகப் பாழ்பட விடப்பட்ட இடத்தில் இருந்து களைத்தவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. புதுவீட்டுக்கு ஆசைப்படுவது அவர்கள் உரிமை என்பவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நியூஹாமின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் நம் நாட்டுத் தமிழர் பெருந்தொகையாகக் குடியிருக்கிறார்கள் என்பதால் இது நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர்க்கதையுமல்ல.

'புரொங்கோ புல்ஃப்ரொக்' 2010இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தால் இறுவட்டாக மீண்டும் வெளியிடப்பட்டது. இப்போது அதைப் பார்ப்பவர்கள் கதையைவிடப் பின்னணியைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். அந்தத் தெருக்களில் பல இன்றில்லை. லிட்டில்வூட் களிமாளிகை கட்ட நினைத்த அந்த நதிக்கரைப் பக்கத்தில் இன்று ஒலிம்பிக் பூங்கா இருக்கிறது. அதில் 2025 மே மாதம் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகம் தனது புதிய களஞ்சியத்தைத் திறந்தது. அங்கே வைக்கப்பட்டுள்ள பொருள்களுள் ஒன்று, பொப்லர் பகுதியில் 1972இல் கட்டி, 2017இல் இடிக்கத் தொடங்கிய றொபின் ஹூட் கார்டன்ஸ் என்ற வாடகைக் குடியிருப்பின் முகப்புத் துண்டு. அதில் கடைசிவரை இருந்தவர்களில் பலர் வங்காள முஸ்லிம் குடும்பத்தினர். 2018இல் அந்தத் துண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சிக்கும் போய்வந்தது. கார்ப்பென்டர்ஸ் குடியிருப்பிலிருந்து அந்தக் களஞ்சியத்துக்கு நடந்தே போகலாம்.